ஊரடங்கில் அடித்தவர்மேல் இப்போது மனுப் போட முடியுமா?

கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கொடுத்த காலக்கெடுச் சலுகை 2022 மே மாதக் கடைசியோடு முடிந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரைக்குள் காலாவதியான வழக்குகளுக்கு, மார்ச் 1 தொடங்கி 90 நாள் அவகாசம் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எழுதினார்கள் வாசகிகள். "ஊரடங்கில் அடித்தார். அப்போது வாசல் தாண்டவே வழியில்லை. இந்த மாதத்துக்குள் மனுப் போடாவிட்டால் அவ்வளவுதானா?"

இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் போடும் மனுவுக்கு இந்தக் கெடு பொருந்தாது. ஓராண்டுக் கெடுவும் பொருந்தாது.

ஓராண்டு என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் உண்டு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை உள்ள குற்றத்தை ஓராண்டு கழித்து விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்றது, 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவு. குடும்ப வன்முறைச் சட்டத்திலும் உச்ச தண்டனை ஓராண்டுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஒரு பெண்ணின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. அது தவறு என்று 2022 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் இங்கேதான். மனுவில் கேட்பது தண்டனையை அல்ல, உத்தரவை: கிட்டே வராதே, வீட்டைவிட்டு வெளியேறு, செலவுக்குப் பணம் கொடு. பாதுகாப்பு உத்தரவை அடித்தவர் மீறும்போதுதான் 31ஆவது பிரிவின்படி குற்றம் பிறக்கிறது. ஓராண்டுக் கணக்கும் அன்றிலிருந்துதான். பிறக்காத குற்றத்துக்குக் கெடு எப்படி முடியும்?

கணவனைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாமல், அடி நின்றால் போதும் என்றிருக்கும் பெண்ணுக்கு இது நல்ல வழி. ஆனால் உத்தரவு வரும்வரை இந்தச் சட்டத்தால் அடித்தவரைத் தொட முடியாது என்பது எனக்கு உறுத்துகிறது. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளில், முடிவு 60 நாளில் என்கிறது சட்டம். 60 நாளுக்கு 'முயல வேண்டும்', அவ்வளவே. தவறினால் கேட்பாரில்லை. ஆகவே மனுவோடு சேர்த்தே 23ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பிரமாணப் பத்திரத்தை வைத்தே, எதிர்த்தரப்பு வராமலும் அதைப் பிறப்பிக்கலாம்.

தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2019இல் வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 3,000-ஐத் தொடவில்லை. ஊரடங்கு வந்த 2020இல் 5,000-ஐத் தாண்டின. புகார் கூடினால் விழிப்புணர்வு கூடியிருக்கிறது என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். ஆனால் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதமே என்றது அதே அரசின் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். காயத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் அழித்ததாக எழுதுகிறார் ஒருவர். ஆஸ்பத்திரிச் சீட்டை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறார் இன்னொருவர். இரண்டையும் மனுவோடு இணைக்கலாம்.

வாசகிகளின் வேறு சில கேள்விகள். இந்தச் சட்டம் சொல்லும் பாதுகாப்பு அலுவலர் யார்? சம்பவ அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர். பல மாநிலங்களில் வேறு வேலைகளுக்கு நடுவே இதையும் பார்ப்பவர்.

அவர் வழியாகத்தான் போக வேண்டுமா? வேண்டாம், நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வீடு மாமனார் பெயரில் இருந்தால்? அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் தங்கும் உரிமை கேட்கலாம். இது உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் தீர்ப்பு.

கணவரின் கொடுமைக்கு எதிரான, 2024 வரை இருந்த தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவுப் புகாருக்கும் கெடு இல்லையா? அது வேறு சட்டம், மூன்றாண்டுக் கணக்கு, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம்? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம், வருமான வரம்பு கிடையாது.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், மனு எங்கே? தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம்.