பழி சுமக்கும் பெற்றோர்

பிள்ளை தவறு செய்தால் பெற்றோரைப் பழிப்பது உலக வழக்கு. பிள்ளையிடமும் தவறின்றி, வளர்ப்பிலும் குறையின்றிப் பழிக்கப்படும் பெற்றோரும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் இத்துயரை நாள்தோறும் சுமக்கின்றனர்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் குறிப்பர். பேசுதல், பிறருடன் பழகுதல், புலன்களால் உணர்தல் ஆகியவற்றில் இவ்வேறுபாடு வெளிப்படும். சென்னை மந்தைவெளியின் பேருந்து இரைச்சலும் கடைத்தெருக் கூச்சலும் அங்கு வாழ்வோர்க்குப் பழகிப்போனவை. ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கோ அவை பொறுக்க இயலாத வேதனையாகலாம். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறக்கூடும். தரையில் விழுந்து புரளவும் கூடும். பொம்மைக்காக அடம்பிடிக்கும் குழந்தை, அது கிடைத்ததும் அடங்கும். புலன்கள் திணறி அலறும் குழந்தையோ, எதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது; அமைதியான இடமும் சிறிது நேரமும் அதற்குத் தேவை. இதனை அறியாதோர், “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்” என்று தாயைச் சாடுகின்றனர்.

இப்பழி ஒருகாலத்தில் அறிவியலின் பெயராலும் சுமத்தப்பட்டது. அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். அக்குழந்தைகளின் பெற்றோரிடம் கனிவு குறைவு என்று அவர் எழுதிய கருத்து, பின்னர் ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்னும் கொடுஞ்சொல்லாக வளர்ந்தது. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் இதனை ஏற்கவில்லை. ஆட்டிசத்திற்குக் காரணம் வளர்ப்பு அன்று, உடலியல் கூறுகளே என்று 1964இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கானரே! 1977இல் பிரிட்டனில் வெளியான இரட்டையர் ஆய்வு, மரபுக்கூறுகளின் பங்கை எடுத்துக்காட்டியது. அறிவியல் கைவிட்ட அப்பழியைச் சமூகம் இன்னும் கைவிடவில்லை.

பிறர் பார்வைக்கு அஞ்சும் பெற்றோர் திருமணங்களையும் பயணங்களையும் தவிர்க்கின்றனர். மயிலையில் அறுபத்து மூவர் விழாவுக்கு ஊரே திரளும்போது, அத்தகைய குடும்பத்தின் கதவு சாத்தியே இருக்கும். உறக்கமற்ற இரவுகளைவிட இத்தனிமை அவர்களை மிகுதியும் வாட்டும். ‘நமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?’ என்னும் கவலையும் உடன் சேரும்.

இக்கவலைக்குச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளோர்க்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வியில் அவர்களுக்குரிய உரிமையை உறுதிப்படுத்துகிறது. பெற்றோரும் தாமே வழி அமைத்துள்ளனர். மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாம் நிலையம் கோட்டூர்புரம். அங்குச் செயல்படும் வித்யாசாகர் நிறுவனத்தை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன், மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் தாய் ஆவார்.

எனினும், தெருவில் வீசப்படும் சொல்லைச் சட்டத்தால் தடுக்க இயலாது. அதனைத் தடுக்க வல்லவர் அருகில் நிற்பவரே. அலறும் குழந்தையைச் சூழ்ந்து வேடிக்கை பார்க்காமல் விலகி இடம்விடுவது, அலைபேசியில் படம்பிடிக்காதிருப்பது, “உதவி வேண்டுமா அம்மா?” என மெல்லக் கேட்பது ஆகியன மாணவர்களாலும் இயல்பவையே. அத்தகைய மனிதர் நால்வர் உள்ள தெருவில், அத்தாய் நாளையும் தன் பிள்ளையின் கைபிடித்து நடப்பாள்.