அழ வைத்த சிரிப்புப் படம்!

சிரிப்பதற்காக எடுத்த படம் அது. ஆனால், பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்!

அமெரிக்க டெலிவிஷனில் "பியூச்சராமா" என்று ஒரு கார்ட்டூன் தொடர் 1999-ம் ஆண்டு தொடங்கியது. உருவாக்கியவர் மாட் கிரேனிங். வருங்காலத்தைப் பற்றிய விஞ்ஞான வேடிக்கைக் கதைகள் அதில் வரும். அவற்றுள் ஒரு நாயின் கதை, 2002-ம் ஆண்டு நவம்பர் 17-ந்தேதி ஒளிபரப்பானது. ரசிகர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

அப்படி அதில் என்ன இருக்கிறது?

1,000 ஆண்டு தூக்கம்

தொடரின் நாயகன் பெயர் பிரை. நியூயார்க்கில் வீடு வீடாக பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வாலிபன். 1999-ம் ஆண்டின் கடைசி நாள் இரவு, ஆளை உறைய வைக்கும் குளிர்ப் பெட்டிக்குள் விழுந்து விடுகிறான். கண் விழித்தபோது 1,000 ஆண்டு ஓடிவிட்டது! பெற்றோர் இல்லை. புதிய உலகில் அவனுக்கு உயிர்த் தோழன் பெண்டர் என்ற எந்திர மனிதன்.

ஒரு நாள் பிரை பொருட்காட்சி சாலைக்குப் போகிறான். அங்கே கல்லாகிப்போன ஒரு நாய்! உற்றுப் பார்க்கிறான். அது அவன் வளர்த்த சீமோர்!

அவன் சண்டை போட்டு அதை வாங்கி வருகிறான். "உயிர் கொடுத்து விடலாம்" என்கிறார் விஞ்ஞானி. பெண்டருக்குப் பொறாமை! நாயைக் கொதிக்கும் எரிமலைக் குழம்பில் வீசுகிறான். பிறகு மனம் திருந்தி, தானே குழம்பில் குதித்து அதை மீட்டு வருகிறான். இதுவரை ஒரே சிரிப்புத்தான்.

"மறந்திருக்கும்!"

அப்போதுதான் ஒரு செய்தி தெரிகிறது. நாய் செத்தபோது அதற்கு வயது 15. அதாவது, பிரை பிரிந்தபிறகும் அது 12 ஆண்டு வாழ்ந்திருக்கிறது.

பிரை யோசிக்கிறான். "என்னை எப்போதோ மறந்திருக்கும். நிம்மதியாக வாழ்ந்து முடித்த நாயை எழுப்புவானேன்?" என்று விட்டுவிடுகிறான்.

அத்துடன் முடிந்திருந்தால் அது பத்தோடு பதினொன்று. ஆனால், காட்சி பழைய காலத்துக்குப் போகிறது. கடைசியாகக் கிளம்பும்போது, "நான் வரும்வரை இங்கேயே இரு" என்று பிரை சொன்னானே! நாய் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெயில் வருகிறது. மழை வருகிறது. பனி கொட்டுகிறது. கடைக்காரர் கிழவராகிறார். நாய் நகரவில்லை. கடைசியில் மெல்லப் படுத்துக் கண்ணை மூடுகிறது.

வசனம் கிடையாது. ஒரு பழைய பாட்டு மட்டும் கேட்கிறது.

வெற்றியின் ரகசியம்

இந்தக் கதையை எழுதியவர் எரிக் கப்லான். அவர் கையாண்ட வித்தை இதுதான்: நாய் காத்திருந்தது நமக்குத் தெரியும். பிரைக்குத் தெரியாது! அவன் நல்லது என்று நினைத்துச் செய்ததே தவறாகிவிட்டது. "அடடா, அவனிடம் யாராவது சொல்லக்கூடாதா?" என்று மனம் தவிக்கிறது.

எந்திர மனிதனும் எரிமலைக் குழம்பும் வேடிக்கைக்கு வந்தவை. 1,000 ஆண்டுத் தூக்கமோ, பிரிவை மீள முடியாததாக ஆக்குகிறது. விஞ்ஞானம் கதைக்குக் கதவு. கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது, வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் ஓர் உயிர். அதை அறியாத வீடு ஏது?

முதலிலிருந்தே சோகமாக எடுத்திருந்தால் இவ்வளவு தைத்திருக்காது. 20 நிமிடம் சிரித்த மனம், அழுவதற்குத் தயாராக இல்லை. அந்த நேரம் பார்த்து அடி விழுகிறது!

2003-ம் ஆண்டு எம்மி பரிசுப் போட்டிக்கு இந்தக் கதை தேர்வாயிற்று. பரிசு கிடைக்கவில்லை. அதைத் தட்டிச் சென்றது, அதே கிரேனிங் உருவாக்கிய "சிம்ப்சன்ஸ்" தொடர்!

பரிசு போனால் என்ன? படம் முடிந்ததும் எழுந்துபோய்த் தன் வீட்டு நாயைத் தடவிக் கொடுக்கத் தோன்றுகிறதே, அதைவிடப் பரிசு வேண்டுமா?