திரையில் ஒரு கோடு

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியை நாம் இன்னும் கைவிட்டபாடில்லை. அன்று மாலை சித்திரம் முழுவதும் சுருங்கி, திரை நடுவே ஒரே வெள்ளைக் கோடாகப் படுத்துவிட்டது. பாட்டு மட்டும் குறைவின்றிக் கேட்டது.

"படக்குழாய் போயிற்று!" என்றார் அண்டை வீட்டு நண்பர். கோடு தெரிகிறதே, குழாய்க்கு உயிர் இருப்பதற்கு அதுவே அத்தாட்சியன்றோ? எலெக்ட்ரான் கதிரைப் பக்கவாட்டில் ஓட்டும் பகுதி வேலை செய்கிறது; மேலும் கீழுமாக நகர்த்தும் பகுதிதான் ஓய்ந்துவிட்டது. பெரும்பாலும் ஈயப்பற்று விட்ட ஓர் இணைப்பே காரணமாயிருக்கும். உடனே வெளிச்சத்தைக் குறைத்து அணைத்துவிட வேண்டும். தவறினால், திரை முழுவதும் பரவ வேண்டிய கதிர் ஓரிடத்திலே குவிந்து, உட்பூச்சு கருகி, கோடு நிரந்தர வடுவாகும்.

நண்பர் திருப்புளியுடன் பின்மூடியை நெருங்கினார். வண்ணப் பெட்டியின் குழாயில் 25,000 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது தங்கியிருக்கும். காபி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, மெக்கானிக்குக்கு ஆள் விட்டோம்.