துடிப்பு எங்கே முடிகிறது?

ஒருவரின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ சில செல்களை எடுத்து, அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து இதயச் செல்களை வளர்க்கலாம். ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-இல் எலியின் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் இந்த மாற்றத்தைச் செய்துகாட்டினார். 2012-இல் நோபல் பரிசு. இப்படி வளர்ந்த இதயச் செல்கள் ஆய்வகத் தட்டில் தாமாகவே துடிக்கும். மூளையோ நரம்போ தேவையில்லை.

ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு மின் நிகழ்வு உண்டு. அதைப் பதிவு செய்தால் கிடைப்பது வெறும் எண்களின் வரிசைதான். அதிலிருந்து துடிப்பைக் கண்டுபிடித்து அளந்து சொல்வதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. கிளாம்ப்ஃபிட், லேப்சார்ட் போன்றவை விலைக்குக் கிடைக்கும். மேட்லேபிலோ பைதானிலோ சொந்தமாக எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர்களும் நிறைய.

முதலில் துடிப்பின் அந்த மின் நிகழ்வைப் பார்ப்போம். இதயக் கீழறையின் தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது, அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 85 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது. ஓரிரு மில்லிநொடியில் மின்னழுத்தம் நேர்க்குறிப் பக்கம் தாவிவிடுகிறது. பிறகு கால்சியம் உள்ளே வருவதும் பொட்டாசியம் வெளியே போவதும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், வரைபடத்தில் ஒரு மேடை தெரியும். கடைசியில் பொட்டாசியத்தின் கை ஓங்க, செல் பழைய ஓய்வுக்குத் திரும்புகிறது. எல்லாம் முடிய ஒரு நொடியில் நாலில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல்.

தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிது. செங்குத்தாக எகிறும் இடத்தை எந்த நிரலும் பிடித்துவிடும். தகராறெல்லாம் முடிவைப் பற்றித்தான். உயிர்களைக் காவு வாங்கியதும் அந்த முடிவுதான்.

டெர்ஃபெனடின் என்றொரு ஒவ்வாமை மாத்திரை இருந்தது. தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுப்பார்கள். தூக்கம் வராது என்பதால் நல்ல பெயர். ஆனால் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களில் ஒன்றை அது அடைத்துவிடும். வழக்கமாகக் கல்லீரல் இந்த மருந்தை உடனே வேறு பொருளாக மாற்றிவிடுவதால் ஆபத்து தெரியவில்லை. கீட்டோகோனசோல், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் கல்லீரலின் அந்த வேலையைத் தடுத்தபோது, மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கியது. செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகி, சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம் நேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து விலக்கப்பட்டது. வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கப்பட்ட சிசாப்ரைடுக்கும் இதே வாயிலில்தான் சிக்கல். இந்தியாவில் 2011-இல் தடை செய்தார்கள். இப்போது பெரும்பாலான புது மருந்துகளை, துடிப்பின் முடிவைத் தள்ளிப்போடுகின்றனவா என்று சோதித்தாக வேண்டும்.

பதிவு செய்ய முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை ஒரு செல்லோடு இணைத்து உள்ளே இருக்கும் மின்னழுத்தத்தை நேராக அளப்பது. துல்லியம் அதிகம், ஆனால் ஒவ்வொரு செல்லாகத்தான் செய்ய முடியும்; கையும் பொறுமையும் வேண்டும். மற்றொன்று, தட்டின் அடியிலேயே மின்முனைகளைப் பதித்து, மேலே செல்களைப் படர விடுவது. இதில் செல்லுக்குள் நடப்பது நேராகத் தெரியாது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் கச்சேரியைக் கேட்பது போல. மிருதங்கத்தின் அடி தெளிவாக விழும், பாட்டின் கடைசி இழுப்பு எங்கே நின்றது என்பது மட்டும் தேய்ந்துவிடும். பரவலாகப் பயன்படும் ஒரு வகைத் தட்டில் 60 மின்முனைகள் இருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 10,000 முறை அளந்தால் ஒரு நிமிடத்தில் 3 கோடியே 60 லட்சம் எண்கள். கண்ணால் பார்த்து அளவுகோல் வைத்து அளந்த காலம் அதனால்தான் போய்விட்டது.

மென்பொருள் முதலில் இரைச்சலைக் களைகிறது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாப் பதிவிலும் புகுந்துவிடும். அதை மட்டும் வெட்டும் வடிகட்டி உண்டு. ஆனால் கூர்மையான எழுச்சிக்குப் பின்னால் அந்த வடிகட்டி தானே சில பொய் அலைகளை விட்டுச்செல்லும். அடிக்கோடு மெல்ல ஏறி இறங்குவதைச் சரிசெய்ய இன்னொரு வடிகட்டி. இதில்தான் அதிக சேதம். 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்கு என்று சொல்லிவிட்டால், அடிக்கோடு அழகாக நேராகும்; கூடவே, மெதுவாக நகரும் முடிவு அலையும் பெரும்பாலும் காணாமல் போகும். அளக்க வந்த பொருளையே கழுவிக் கொட்டிய கதை.

முடிவை எங்கே குறிப்பது? செல்லுக்குள் அளந்த பதிவில், உச்சத்திலிருந்து 90 சதவீதம் இறங்கிய இடத்தை முடிவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஓய்வு நிலை -85, உச்சம் +35 என்றால் மொத்த உயரம் 120. அதில் 90 சதவீதம் 108. ஆக -73 மில்லிவோல்ட்டில் முடிவு. இரைச்சலால் உச்சத்தை மென்பொருள் +45 என்று எடுத்துக்கொண்டால் முடிவு -72 ஆகும். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஓய்வு நிலையை -75 என்று தவறாக எடுத்துக்கொண்டால் முடிவு -64-க்குப் போய்விடும். கடைசிச் சரிவு மில்லிநொடிக்கு ஒரு மில்லிவோல்ட் வேகத்தில் இறங்குகிறது என்றால், கணக்கில் 9 மில்லிநொடி பிழை. தானாகத் துடிக்கும் செல்லில் ஓய்வுக்கோடு தட்டையாக இல்லாமல் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். அதில் எந்தப் புள்ளியை ஓய்வு என்பது? மென்பொருள் ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. பயன்படுத்துகிறவர்களில் பலர் அது எது என்று பார்ப்பதேயில்லை.

9 மில்லிநொடி அற்பமாகத் தோன்றலாம். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும்போது, இசிஜியில் இதற்கு இணையான இடைவெளி சராசரியாக 5 மில்லிநொடி அளவுக்கு நீண்டாலே கட்டுப்பாட்டு அமைப்புகள் கூர்ந்து பார்க்கத் தொடங்கும்.

துடிப்பின் வேகமும் குறுக்கே வரும். மெதுவாகத் துடித்தால் ஒவ்வொரு துடிப்பும் இயல்பாகவே நீளும். மருந்தின் மேல் பழி போடக்கூடாது. அதைச் சரிசெய்ய பேசெட், ஃப்ரிடெரிசியா இருவரும் 1920-இல் ஆளுக்கொரு சூத்திரம் தந்தார்கள். அளந்த நீளத்தைத் துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்கச் சொல்கிறார் பேசெட். கனமூலத்தால் வகுக்கச் சொல்கிறார் ஃப்ரிடெரிசியா. நிமிடத்துக்கு 40 முறை துடிக்கும் செல்லில் 400 மில்லிநொடி அளந்தால் பேசெட் கணக்கில் 327, ஃப்ரிடெரிசியா கணக்கில் 349. அதே பதிவு, ஒரே செல். இரண்டுமே மனிதர்களின் இசிஜிக்காக உண்டானவை. தட்டில் வளர்ந்த இளம் செல்லுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்புவது துணிச்சல்தான்.

பொட்டாசிய வாயில் அடைபடுவதை மட்டும் பார்த்தால் நல்ல மருந்தும் பழிக்கு ஆளாகும். வெராபமில் என்ற மருந்தும் அதே வாயிலை அடைக்கக்கூடியது. கூடவே கால்சியம் வரும் வழியையும் குறைப்பதால் அந்த ஆபத்து அநேகமாக ஏற்படுவதில்லை. ஒரே வாயிலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, பல அயனி ஓட்டங்களையும் கணினி மாதிரியையும் மனித இதயச் செல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2013-இல் தொடங்கிய முயற்சிக்கு சிபா என்று பெயர்.

மருந்து உண்மையிலேயே ஆபத்தாக இருக்கும்போதுதான் மென்பொருள் மோசமாக ஏமாறும். ஓய்வுக்குத் திரும்பும் வழியிலேயே, பாதியில் மின்னழுத்தம் மறுபடி தலைதூக்கும். தாறுமாறான துடிப்பைத் தொடங்கிவைக்கக்கூடிய அறிகுறி அது. ஆனால் ஒரு வரம்பைத் தாண்டினால் புதுத் துடிப்பு என்று மட்டும் கற்ற நிரல், அதை இன்னொரு துடிப்பாக எண்ணிவிடலாம். அப்போது துடிப்பு வேகமாகிவிட்டது, ஒவ்வொன்றின் நீளமும் குறைந்துவிட்டது என்று அட்டவணை வரும். ஆபத்தான மருந்து பாதுகாப்பானதாகத் தெரியும். மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட நீண்டுகொண்டே வந்த எண் திடீரென்று சுருங்கினால், அட்டவணையை மூடிவிட்டு வடிகட்டாத மூல அலையைத் திரையில் விரித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.