அப்கிரேட் பாதியில் நின்றதா? ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

உபுண்டு லினக்ஸின் 20.04 பதிப்புக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றன. அதை வைத்திருப்பவர்கள் முதலில் 22.04-க்கு ஏறி, அதன் பிறகே 24.04-க்குப் போக முடியும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏராளமான பேக்கேஜ்கள் மாறும். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலோ டிஸ்க் நிரம்பினாலோ மறுநாள் கருப்புத் திரைதான். கடையில் கொண்டுபோய் வைத்தால் கேட்கும் முதல் வார்த்தை, "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்."

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அப்கிரேட் மாற்றுவது சிஸ்டம் கோப்புகளை. ஹோம் ஃபோல்டரில் உள்ள உங்கள் படங்களும் ஆவணங்களும் அநேகமாக அப்படியே இருக்கும். அவற்றை அழிக்கப்போவது ஃபார்மட்தான்.

அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு 'பூட்' என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் தனியாக இருக்கும். சிஸ்டத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகள் சேர்ந்து அது நிரம்பிவிட்டால், புதிய கெர்னலுக்குத் தேவையான தொடக்கக் கோப்பு முழுதாக எழுதப்படாது. ஆன் செய்ததும் 'கெர்னல் பேனிக்' என்று நிற்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பழைய கெர்னல் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது. ஆன் செய்தவுடன் எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்) அழுத்தினால் கிரப் என்ற தொடக்க மெனு வரும். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவையும் தாண்டி வெறும் கட்டளை வரியில் போய் நிற்கும். ரீஸ்டார்ட் செய்து நிதானமாக அழுத்துங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டால் முதல் வேலை, கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பழுதுபார்ப்பது அப்புறம்.

திறக்கவில்லையா? அதே இடத்தில் 'ரெக்கவரி மோட்' இருக்கும். அதில் 'கிளீன்' இடத்தைக் காலி செய்யும். 'டிபிகேஜி' பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்துவைக்க முயலும். இணையம் தேவைப்பட்டால் வைஃபையை நம்பாமல் லேன் கேபிளைச் செருகுங்கள்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் உபுண்டுவை எழுதிய யுஎஸ்பியிலிருந்து (லைவ் யுஎஸ்பி) லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். நிறுவாமலே 'ட்ரை உபுண்டு' என்று உள்ளே போனால் டிஸ்க்கைத் திறக்கலாம். ஹோம் ஃபோல்டர் மேல் பூட்டுக் குறி தெரிந்தால் கோப்பு போய்விட்டது என்று பதற வேண்டாம், 21.04-இலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டர்கள் மற்ற பயனர்களுக்கு மூடியே இருக்கும். ரூட் உரிமையோடு நகலெடுத்தால் வந்துவிடும். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் மட்டும் அதன் பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். அதை மறந்தவருக்கு எந்தக் கடைக்காரரும் உதவ முடியாது.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. என்கிரிப்ட் செய்யாத லேப்டாப்பைக் கடையில் விட்டுவந்தால், லாகின் பாஸ்வேர்டு தெரியாமலே உங்கள் ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் யாரும் இதே வழியில் எடுத்துவிடலாம். முடிந்தால் பக்கத்தில் இருந்தே வேலையை முடித்து வாங்குங்கள்.

சரி, டேட்டா போயே போய்விட்டால்? லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமத்திலேயே உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கிறது. இலவச மென்பொருளுக்கு நஷ்டஈடு கேட்டு அலைவதில் பெரிய பலன் இருக்காது. காசு வாங்கிப் பழுதுபார்க்கும் கடையின் விஷயம் வேறு. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது ஒரு சேவை. உங்களைக் கேட்காமல் டிஸ்க்கை அழித்தால் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். இலவசச் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் "பில் எதுக்கு சார்" என்றாலும் விடாதீர்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போதே 'டேட்டாவை அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.