எழுதிக் கொடுக்கும் முன்னே ஒரு வரி!

ராமநாதபுரம் சீமையில் நயினார்கோவில் என்றால் தெரியாதவர் இல்லை. அங்குள்ள நாகநாதர் சந்நிதிக்கு இந்துக்களும் வருவார்கள், முஸ்லிம்களும் வருவார்கள்.

சுற்றிலும் மழையை நம்பிய பூமி. நெல்லும் மிளகாயும் விளையும். அந்தப் பக்கத்துச் சாதாரணக் குடும்பத்துக்குச் சொத்து என்பது என்ன? ஒரு வீடு, ஓரிரு ஏக்கர் நிலம். அவ்வளவுதான். ஆனால், வயதான தாய் தகப்பனுக்கு அதுதான் ஊன்றுகோல்.

எழுபது வயதைத் தாண்டியதும் பிள்ளைகள் மெல்லப் பேச்செடுப்பார்கள்.

"அப்பா, உங்க காலத்திலேயே எழுதி வச்சிட்டா, பின்னால சண்டை வராதுல்ல?"

நியாயமான பேச்சுதான். ஆனால் எழுதி 'வைப்பது' வேறு. எழுதிக் 'கொடுப்பது' வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டுத் திண்டாடும் பெரியவர்கள் எத்தனையோ பேர்!

34 வருஷ வழக்கு

வாரிசுச் சண்டை ஏழை வீட்டில் மட்டும்தானா? அரண்மனையிலும் உண்டு.

1829-ம் ஆண்டு சிவகங்கை ஜமீன்தார் காலமானார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. ஜமீன் மகளுக்கா, அண்ணன் வழியினருக்கா என்று வழக்கு மூண்டது. கோர்ட்டு கோர்ட்டாக ஏறியது. கடைசியில் கடல் கடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பு வந்தபோது வருஷம் 1863. இடையே 34 வருஷங்கள் ஓடிவிட்டன!

ஆகவே, உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்வது நல்லதுதான். எப்படிச் செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உயிலும் செட்டில்மெண்டும்

உயில் என்பது எழுதி வைப்பது. எழுதியவர் காலமான பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதுவரை சொத்து அவருடையதே. மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும்.

வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. ரிஜிஸ்டர் செய்வதும் கட்டாயமில்லை. செய்தால் பின்னால் பலம். ஆனால் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். சொத்துப் பெறுகிறவரையே சாட்சியாக வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

முஸ்லிம்களுக்கு விதி வேறு. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

செட்டில்மெண்டு என்பது எழுதிக் கொடுப்பது. ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்துவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சொத்து அன்றே கை மாறிவிடும். காலையில் வீட்டுக்காரராகப் போனவர், மாலையில் மகன் வீட்டில் விருந்தாளியாகத் திரும்புவார்!

நாகப்பட்டினத்துத் தாய்

நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி. பெண் மக்கள் இருந்தும், சொத்தை ஒரே மகன் பேருக்கு செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்தார். மகனும் மருமகளும் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை.

மகன் இறந்து போனார். அதன் பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்பது மூதாட்டியின் முறையீடு. அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தார். விசாரித்த ஆர்.டி.ஓ., பத்திரத்தையே ரத்து செய்தார்!

மருமகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். "காப்பாற்ற வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை இல்லையே" என்பது வாதம். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அப்பீலைத் தள்ளுபடி செய்தது. அன்பினால் எழுதிக் கொடுக்கும்போதே, காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்பது ஐகோர்ட்டின் கருத்து.

எந்தச் சட்டம்?

2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். எல்லா மதத்தினருக்கும் பொது. அதன் 23-வது பிரிவுதான் அந்த மூதாட்டிக்குக் கை கொடுத்தது.

ஆனால், எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று இருந்துவிடக்கூடாது. காப்பாற்றும் நிபந்தனையோடு எழுதப்பட்டதாக இருந்தால்தான் ரத்து செய்யலாம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் கூறியது. பெரியவர்களுக்கு அனுகூலமாகவே சட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு இன்னொரு வழக்கில் கூறியது. இந்தச் சிக்கல் நமக்கு எதற்கு? பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் போயிற்று!

"என் ஆயுள் வரை எனக்குச் சோறும் துணியும் வைத்தியமும் தந்து காப்பாற்ற வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும்." இதுதான் அந்த வரி. "என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கும் பாத்தியம் எனக்கு உண்டு" என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே போவது?

சொத்தே எழுதிக் கொடுக்காத பெற்றோருக்கும் இந்தச் சட்டம் உதவும். பிள்ளைகளிடம் மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தர வழி இருக்கிறது. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாதவர்களை, அவர்கள் சொத்துக்கு வாரிசாக வரும் உறவினர் காப்பாற்ற வேண்டும். முதியவர்களை அநாதையாக விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நயினார்கோவில் பக்கத்தார் பரமக்குடி ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுக்கலாம். 14567 என்ற நம்பருக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

மகள் பங்கு மறக்கலாமா?

உயிலே இல்லாமல் காலமானால்? இந்துக் குடும்பத்தில், தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு. மனைவிக்கு ஒரு பங்கு. பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 1989 முதல் பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பிறப்புரிமை உண்டு. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கும் அந்த உரிமை பிற்பாடு 2005-ம் வருஷச் சட்டத்தால் வந்தது. "சீர் செய்தாயிற்று, தீர்ந்தது" என்று சொல்ல முடியாது.

நல்ல பிள்ளைக்கு இந்த ஒரு வரியால் நஷ்டம் ஒன்றுமில்லை. அவன் எப்படியும் காப்பாற்றத்தான் போகிறான். "இதையும் எழுதுங்கப்பா" என்று அவனே சொல்வான். வேண்டாம் என்று முகம் சுளிக்கிற பிள்ளையிடம்தான் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்!