கூடு வாங்கப் போன கதை

தீபாவளிக்கு முதல் வாரம். பள்ளி விட்டு வீடு திரும்பி, தேநீர்க் குவளையோடு உட்கார்ந்தேன். என்னிடம் ஆறு வருடம் படித்த பழைய மாணவன் ஒருவன் வந்து வாசலில் நின்றான். இப்போது போர்ட்டிக்சனில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறான். அவனைத் தம்பி என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

"சார், ஒரு கூடு வாங்கப் போறேன். நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்" என்றான்.

"வீடா தம்பி? நல்ல காரியம்" என்றேன்.

"வீடு இல்ல சார். தண்ணியில நின்னுக்கிட்டே ஓட்டுற ஜெட் ஸ்கீயோட கூடு."

அவனுக்குப் பின்னால் அவன் தாயாரும் வந்து நின்றார். தேயிலை மலையில் கொழுந்தெடுத்தே இவனை ஆளாக்கிய அம்மா. "வாத்தியாரையா, அஞ்சு வருஷமா சேர்த்த காசு. தண்ணியில விழுந்து சாகறதுக்கு இவன் வழி தேடுறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

அவனுக்கு என்ன சொல்வது? தண்ணீர் என்றால் எனக்கே நடுக்கம். 1991ஆம் ஆண்டு நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, என் பக்கத்து மேசைப் பையன் ஞாயிற்றுக்கிழமை ஆற்று மடுவுக்குக் குளிக்கப் போனான். திங்கட்கிழமை அவன் மேசை காலியாக இருந்தது. ஆசிரியரான பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் "தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்" என்று சொல்லி வந்தேன். நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை. இது என் நெஞ்சில் உறுத்தியதால், "வேண்டாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. "முதலில் விவரம் தெரிந்துகொள்வோம்" என்றேன். இரண்டு மாதம் அவனோடு சேர்ந்து நான் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் மலையை விட்டிறங்கிக் கடலோரப் பட்டணங்களில் வேலை செய்கிறார்கள். இந்த ஆசை நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

நின்றோட்டும் யந்திரம்

கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் மேடு பள்ளங்களில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். மண்ணில் விழுந்து அடிபடுவதைவிடத் தண்ணீரில் விழுவது மேல் என்று எண்ணி, நீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் உருவாக்கினார். அந்த எண்ணத்தைப் பின்பற்றி ஜப்பானியக் கவாசாக்கி கம்பெனி 1973இல் நின்றோட்டும் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட வியாபாரப் பெயர்தான் ஜெட் ஸ்கீ. நாளடைவில் எல்லாக் கம்பெனியின் படகையும் மக்கள் அந்தப் பெயராலேயே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1990இல் யமஹா 'சூப்பர் ஜெட்' என்ற படகை வெளியிட்டது. முப்பது ஆண்டுக் காலம் அதில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினே இருந்தது. 2021இல் வந்த புதிய சூப்பர் ஜெட்டில் போர் ஸ்ட்ரோக் எஞ்சின். படகும் நீண்டு, கனத்துவிட்டது.

இதில் வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் உள்ள கம்பிச் சட்டத்தின் வழியே தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் சக்கரத்தால் பின்புறக் குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்த வேகம் படகை முன்னே தள்ளுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் பின்குழாய் திரும்பும், படகும் திரும்பும்.

பழைய படகு பாறையில் மோதிக் கூடு உடைந்தால் எஞ்சின் நன்றாகவே இருக்கும். அப்படி ஒரு பழைய சூப்பர் ஜெட்டின் எஞ்சினும் பம்பும் கைப்பிடியும் தம்பிக்கு மலிவாகக் கிடைத்திருந்தன. இந்தச் சாமான்களைப் பொருத்திக்கொள்ளும்படி, சிறு பட்டறைகள் வெறும் கூட்டை மட்டும் வார்த்து விற்கின்றன. அவற்றில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

நம்மவர் கண்ட கூடு

மிதப்பில் நின்று கடலோடுவது நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரை மீனவர்கள் இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் முழங்காலிட்டும் நின்றும் துடுப்புப் போட்டார்கள். அந்தக் கட்டுமரத்தின் பெயர்தான் ஆங்கிலம் வரை போய், இன்று இரட்டைக் கூட்டுப் படகைக் குறிக்கிறது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்த பாடம்.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. 1980களில் அத்திட்டத்தார் பைபர் கிளாஸ் படகுகளைக் கட்டிச் சோதித்தார்கள். துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலையைக் கடந்து போய் வரும் கூடு எது என்பதே அவர்கள் ஆராய்ந்த விஷயம். துறைமுகத்துக்கு ஏற்ற படகு திறந்த கரைக்கு உதவாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பைபர் படகுகள் பெருகின. அவசரத்தில் கட்டப்பட்டவற்றில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன. பளபளக்கும் வண்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்று பார்க்கத் தவறியவர்கள் பின்னால் வருந்தினார்கள்.

நீளமா, குட்டையா?

தம்பி கைப்பேசியில் படம் காட்டினான். இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டிய குட்டைக் கூடு. கரிநார் என்னும் கார்பன் பைபரால் ஆனது. அதை ஓட்டியவன் அலைமேல் எழும்பி அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டான். தம்பியின் கண்கள் மின்னின.

"நீ கரணம் போடப் போகிறாயா, காற்று வாங்கப் போகிறாயா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஓட்டத்தான் என்றான்.

அப்படியானால் குட்டைக் கூடு அவனுக்கு ஏற்றதன்று. பழைய சூப்பர் ஜெட்டின் நீளம் 2.24 மீட்டர். அதை ஒட்டிய நீளமுள்ள கூடு நேராக ஓடும், சிற்றலைகளில் குதிக்காது, புதியவர் எழுந்து நிற்க இடம் கொடுக்கும். குட்டைக் கூடு சட்டென்று திரும்பும், எளிதில் எழும்பும். ஆனால் ஓட்டுபவரின் எடை கொஞ்சம் முன்பின் ஆனாலும் மூக்கைத் தூக்கும் அல்லது தண்ணீரில் குத்தும். அடிப்பாகத்தின் முன்வளைவும் அப்படித்தான். வளைவு அதிகமானால் தாவுவதற்கு நல்லது. நேர் ஓட்டத்தில் வேகம் குறைந்து துள்ளும். பக்க விளிம்பு கூர்மையாக இருந்தால் திரும்பும்போது நீரைப் பற்றும், உருண்டிருந்தால் வழுக்கும்.

அடுத்தது மிதப்பு. வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் ஆர்க்கிமிடீஸ் பாடம் இங்கே கைகொடுக்கிறது. எல்லாச் சாமானும் பூட்டிய படகு 140 கிலோ, தம்பி 80 கிலோ. ஆக 220 கிலோ. ஏறக்குறைய 220 லிட்டர் தண்ணீரை விலக்கினால்தான் இரண்டும் மிதக்கும். வேகமாக ஓடும்போது நீர் கூட்டை மேலே தூக்கிப் பிடிக்கும். வேகம் குறைந்ததும் கூட்டின் கொள்ளளவுதான் தாங்க வேண்டும். ஆகவே கனத்த உடம்புக்காரர் பின்பகுதி அகன்ற, கொள்ளளவு கூடிய கூட்டையே தேட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அடுத்தவங்க முதுகுக்குப் பின்னின கூடையை மாட்டிக்கிட்டா சாயங்காலத்துக்குள்ள முதுகு உரிஞ்சிடும்" என்றார். நான் அரைமணி நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எதனால் செய்தது?

கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்ததே பைபர் கிளாஸ். கொஞ்சம் கனக்கும், ஆனால் பாறை கீறினால் உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒட்டுப் போடலாம். கரிநார் மிகவும் இலேசு, விறைப்பு அதிகம், விலையும் அதிகம். பழுது பார்க்கத் தேர்ந்த கை வேண்டும். எடையைக் குறைப்பதற்காக மெல்லியதாக வார்த்த கூடு, ஓங்கி விழுந்தால் வெடிக்கவும் கூடும். பிசினிலும் வகை உண்டு. எப்பாக்சியும் வினைல் எஸ்டரும் சாதாரண பாலியெஸ்டரைவிட நீர் ஊறுவதை நன்கு தடுப்பவை. எந்தப் பிசின் என்று விற்பவரைக் கேளுங்கள். மழுப்பினால் கவனம் தேவை.

தட்டிப் பார்த்தோம்

ஒரு சனிக்கிழமை தம்பியோடு நானும் போய் அந்தக் குட்டைக் கூட்டைப் பார்த்தேன். புது வண்ணம் பூசிக் கண்ணாடி போல் இருந்தது. கடலோரப் படகுப் பட்டறையில் வயதான மிஸ்திரி ஒருவர் முதல்நாள் எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். இருபது காசு நாணயத்தால் கூடு முழுதும் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். 'டக் டக்' என்று கணீரென ஒலித்தால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. 'பொத்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கலாம், நீரும் ஊறியிருக்கலாம்.

முன்புறம் கணீரென்றது. பின்புறம் பம்பு உட்காரும் இடத்துக்கு அருகே ஒரு சாண் அளவுக்குப் 'பொத்' என்றது. தம்பி மறுபடி தட்டினான். மறுபடியும் 'பொத்'. கீழே குனிந்து பார்த்தால் புது வண்ணத்துக்கு அடியில் ஒட்டுப் போட்ட மேடு. விற்பவர் முதலில் அதைச் சொல்லவில்லை. கேட்ட பிறகு, "சின்ன அடிதான்" என்றார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு அவனுடையது, முடிவும் அவனுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கூட்டைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, "வேணாம் சார், போவோம்" என்றான். திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை.

தட்டுவதோடு வேறு சில சோதனைகளும் உண்டு. வெறும் கூட்டைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சொன்ன எடையைவிடக் கனத்தால், உள்ளே இருக்கும் மிதப்புப் பஞ்சு நீர் குடித்திருக்கலாம். கட்டுமர மீனவர் அறிந்த அதே பாடம். மிதப்புப் பஞ்சே வைக்காத கூட்டை வாங்கக் கூடாது. தண்ணீர் புகுந்தால் அது எஞ்சினோடு அடியில் போய்விடும். முழுப்பணம் கொடுக்குமுன் எஞ்சினையும் பம்பையும் வைத்துப் பாருங்கள். இரண்டின் தண்டும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் ஓடும்போது அதிர்ந்து, பேரிங்குகள் தேயும். கால் நுழைக்கும் பிடி இருந்தால், விழும்போது கால் சட்டென்று விடுபடுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கப்பல் கூலியையும் வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணும் ரசீதும் அவசியம். பதிவு முதலான விதிகளை ஜபாத்தான் லாவுட் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடலில் இறங்குமுன்

ஒரு முக்கியமான விஷயம். விசையை விட்டுவிட்டால் இந்தப் படகு திரும்பாது. பீய்ச்சும் நீர்தான் அதன் சுக்கான். எதிரே ஏதாவது வந்தால் பயத்தில் கையை எடுப்பது மனித இயல்பு. எடுத்தால் நேரே போய் மோதும். விசையைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே திருப்பப் பழக வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும்; விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்கவே கூடாது. ஆழம் குறைந்த இடத்தில் முடுக்கினால் மணலையும் கல்லையும் உறிஞ்சிப் பம்பு கெடும்.

"நம்ம ரிங்லெட் ஏரியில ஓட்டலாமா சார்?" என்று இப்போது படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடாது. அது மின்சாரத்துக்காக 1960களில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். வண்டலும் குப்பையும் சேர்ந்தது. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிட்டபோது பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அது விளையாடும் இடமன்று.

தம்பி மூன்று மாதம் பொறுத்தான். அதற்குள் வாரம் இருமுறை நீச்சல் பழகினான். பிறகு பழைய படகின் நீளமே உள்ள பைபர் கிளாஸ் கூடு ஒன்று கிடைத்தது. வண்ணம் மங்கியது, தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. பேசிய விலையில் வாங்கிவிட்டான்.

பள்ளி விடுமுறையில் அவன் தாயாரையும் அழைத்துக்கொண்டு போர்ட்டிக்சன் போனேன். தம்பி முதலில் படுத்தான், பிறகு முழங்காலிட்டான், வேகம் பிடித்ததும் எழுந்தான், விழுந்தான். நான்காம் முறை நின்றுவிட்டான். அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கரையேறிய பிறகுதான், "ஈரத் தலையோட நிக்காதே, துவட்டு" என்றார்.

நாற்பது வயதுக்கு மேல் நானும் இப்போது நீச்சல் கற்றுக்கொள்கிறேன். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக் காலை உதைக்கும் அளவுக்குத்தான் வந்திருக்கிறேன். பெற்றோர்களே, பிள்ளை கூடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முதலில் நீந்தக் கற்றுக்கொடுங்கள். பக்கத்து மேசை காலியாக இருந்த அந்தத் திங்கட்கிழமையை இன்னொரு வகுப்பு பார்க்க வேண்டாம்.